நத்தை என்று ஒரு பேர்

கடைத்தெரு முழுக்க 'நடந்து வருவோரே, வருக' என்று பலகைகள் தொங்குகின்றன. மாதக்கணக்கில் மலைவழியே நடந்து வருகிறவர்களுக்கு இந்த ஊரில் சொந்தப் பேர் கிடையாது, வழியில் கூட நடப்பவர்கள் வைத்த பட்டப்பேர்தான். விடுதிக்காரக் கிழவர் அதையும் லேசில் நம்புகிறவர் இல்லை. சாயங்கால மழையில் நனைந்து வந்து நிற்கிற பெண்ணின் பூட்ஸிலிருந்து சேறு வழிந்து தரையில் பரவுகிறது. "அதைக் கழட்டிட்டு வாம்மா, உங்கப்பனா வந்து கழுவுவான்? பேரென்ன?" "நத்தை." அடுப்படியில் அவர் மனைவி பாத்திரம் கழுவுகிற சத்தம் சட்டென்று நின்றுபோகிறது. அந்தப் பேரோடு மலைமேல் போன அவர்கள் மகன் இரண்டு குளிர்காலமாகத் திரும்பவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை. "யாரு வெச்சா?" என்கிறார் கிழவர். "நேத்து கணவாய்ல ஒருத்தர். 'நீ என்னைவிட மெதுவா நடக்குறே, எம்பேரை நீயே வெச்சுக்கோ, எனக்கு இனிமே வேணாம்'னு சொன்னாரு." "சும்மா அளக்காதே. கீழே வரமாட்டானாமா அவன்?" "கூப்பிட்டேன். அப்பா திட்டுவாருன்னு சிரிச்சாரு." ஜன்னலில் மலை இல்லை, மழைதான் இருக்கிறது. அவள் சட்டை நுனியிலிருந்து விழுகிற ஒவ்வொரு சொட்டும் காதில் கேட்கிறது. புளுகு, எவனோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறான் என்று கிழவர் பல்லைக் கடிக்கிறார். பிறகு அவள் பக்கம் குனிந்து, அடுப்படிக்குக் கேட்காதபடி, "திட்டமாட்டேன்னு சொல்லிடும்மா" என்கிறார். இங்கே வருகிறவர்கள் யாரும் வந்த வழியே திரும்பி நடப்பதில்லை என்று அவருக்குத் தெரியாமல் இல்லை.