பாகம் பிரித்த பின் ஓர் ஆட்டம்

விவாகரத்தில் எல்லாவற்றையும் பிரித்தபோது, கோப்பைகளாக வாரிக் குவித்த சதுரங்கக் கம்ப்யூட்டரையும் பிரித்தார்கள். பெட்டி, அதைக் கட்டிய ஜெரால்டுக்கு. உள்ளே ஓடிய புரோகிராம், அதை எழுதிய லீலாவுக்கு.

"ஜெயிச்சதெல்லாம் என் பெட்டியோட வேகம். அவ புரோகிராம வேற எதுல போட்டாலும் படுத்துரும்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான் ஜெரால்டு. இருப்பதிலேயே விலை கூடிய புரோகிராமை வாங்கிப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு மாநிலப் போட்டிக்குப் போனான்.

எதிரில் லீலா. அவள் தன் புரோகிராமை வீட்டு வாஷிங் மெஷினில் ஏற்றி, ஆள் வைத்துத் தூக்கி வந்திருந்தாள். ஜெரால்டு வாய்விட்டுச் சிரித்தான். மதியத்துக்குள் அவன் ராஜா மாட்டிக்கொண்டது.

"எப்படி?" என்றான்.

"என் புரோகிராம் உங்க பெட்டிக்குள்ள எத்தனை வருஷம் குடியிருந்துச்சு! எப்பச் சூடாகும், சூடானா எங்க தப்புப் பண்ணும்னு அதுக்குத் தெரியாதா?"

சொல்லிக்கொண்டே வாஷிங் மெஷினைச் செல்லமாகத் தட்டிக்கொடுத்தாள். தோற்றபோதுகூட எரியாத வயிறு ஜெரால்டுக்கு இப்போது எரிந்தது.

"இதுகூட மட்டும் நல்லா ஒத்துப்போகுதாக்கும்?"

"மெதுவாத்தான் யோசிக்குது," என்றாள் லீலா. "ஆனா சொல்றதக் காது கொடுத்துக் கேக்குது."