வெறுங்கை

குடிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்து, கருப்பசாமி கோயிலில் ஒரு வருடத்துக்குக் கட்டிய கயிறு. அன்றோடு கெடு முடிந்தது. பூசாரி அதை அறுத்தெடுத்ததும் கோட்டைச்சாமி மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே மனைவி தவமணியைப் பெருமையாகப் பார்த்தான்.

“ஒரு சொட்டு தொட்டிருப்பனா? ஒன்னைய ஒரு அடி அடிச்சிருப்பனா?”

“இல்ல. ஏன் அடிக்கல?”

“இதென்ன கேள்வி? கயிறு கிடக்குற கைய ஓங்குனா கருப்பன் சும்மா விடுவானா?”

“எனக்கு வலிக்குமேன்னு ஒருநாளாச்சும் தோணுச்சா?”

அவன் பூசாரியைப் பார்த்தான். பூசாரி சிரித்துக்கொண்டே புதுக் கயிற்றை மஞ்சளில் நனைத்தார்.

“விடும்மா. இன்னொரு வருசத்துக்குக் கட்டிவிடுறேன். ஒனக்கும் நிம்மதி.”

கோட்டைச்சாமி நல்ல பிள்ளையாகக் கையை நீட்டினான்.

போன வருடம் முழுக்கத் தவமணி அவன் முகத்தைப் பார்த்ததைவிட அந்தக் கயிற்றைப் பார்த்ததுதான் அதிகம். நைந்துவிட்டதா என்று அவன் தூங்கும்போதுகூடத் தடவிப் பார்த்திருக்கிறாள். அப்படியே இன்னொரு வருடமா என்று நினைத்ததும் அவள் குறுக்கே வந்து நின்றாள்.

“கட்டாதீங்க பூசாரி.”

“ஏத்தா, சாமி இல்லாம இவன் திருந்துவானா?”

“சாமி இருந்தும் திருந்தலையே. பயந்துல்ல கிடந்தாரு. வெறுங்கையோட வரட்டும். எப்பேர்ப்பட்ட மனுசன்னு நானும் பாக்கணும்.”

“அடிச்சுப்புட்டா?” என்றான் கோட்டைச்சாமி, வேறு யாரையோ பற்றிக் கேட்பதுபோல.

“அத என்கிட்ட கேக்குறீங்களே” என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

பின்னால் அவன் செருப்புச் சத்தம் கேட்டது. ஒயின்ஷாப்புக்குப் பிரிகிற முக்கு இன்னும் வரவில்லை. அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தாள்.