பச்சைக்குச் சேதமில்லாமல்

"இவ்வளவு சீக்கிரம் ஏன் வந்தீங்க? இன்னும் ரெண்டு நாள் வீட்டிலேயே கிடந்திருக்கலாமே!" என்றார் டாக்டர் லாங்கி.

கட்டிலில் சுருண்டு கிடந்த ஃபிலிப்போவுக்கு வலியில் அந்தக் கேலி உறைக்கவில்லை. சமோவாவின் சவாயி தீவில் ரக்பி சொல்லிக்கொடுப்பவர். ஆள் தண்ணீர்ப் பீப்பாய் மாதிரி இருந்தார். வியாழக்கிழமை தொடங்கிய வயிற்று வலிக்குத் திங்கட்கிழமைதான் மனைவி மலியாவோடு கப்பலேறித் தலைநகர் அப்பியாவுக்கு வந்திருந்தார்.

"குடல்வால்தானே டாக்டர்? சின்ன ஓட்டை போட்டு எடுத்துடுங்க. வயித்தை மட்டும் கிழிக்கக் கூடாது!"

"முயற்சி பண்றேன். ஆனா வயசு அறுபதை நெருங்குது. சர்க்கரை இருக்கு. இந்தத் தொப்பைக்குள்ள கேமரா போனா வழி தெரியாம திரும்பி வந்துடும். எல்லாத்துக்கும் மேல, இத்தனை நாள் விட்டதுல குடல்வால் வெடிச்சுச் சீழ் கட்டியிருக்கு. இதுல ஒண்ணு இருந்தாலே பாதியில பெரிசா திறக்க வேண்டி வரும். நீங்க ஒண்ணு விடாம வாங்கிட்டு வந்திருக்கீங்க."

"அப்போ என் பச்சை?"

ஃபிலிப்போ இடுப்புத் துணியை இரண்டு விரல் அளவுக்கு இறக்கிக் காட்டினார். இடுப்பிலிருந்து முழங்கால்வரை ஆண்கள் குத்திக்கொள்ளும் பரம்பரைப் பச்சை; அதன் கறுப்புக் கோடுகள் தொப்புளுக்கு அடியில் வளைந்து ஓடின.

"பன்றித் தந்தச் சீப்பை வெச்சுத் தட்டித் தட்டிக் குத்தினது. ஒரு முனகல் கிடையாது! கால் சுளுக்கிடுச்சுன்னு பசங்க அழுதா இதைத்தான் காட்டுவேன்."

"அப்பேர்ப்பட்ட வீரர் கையைக் கொஞ்சம் நீட்டுங்க. ஊசி போடணும்."

ஊசி ஏறியபோது அவர் போட்ட கூச்சலில் பக்கத்துக் கட்டில் நோயாளி எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"அடடா, அன்னைக்கு மிச்சம் வெச்ச முனகல் போலிருக்கு!" என்றார் டாக்டர்.

மலியா விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

சின்ன ஓட்டை பலிக்கவில்லை. உள்ளே குடலும் சீழும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்ததில் கேமராவுக்கு எதுவும் தெரியவில்லை. பெரிதாகத் திறந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. ஃபிலிப்போ பிழைத்துக்கொண்டார்.

வெளியே வந்த டாக்டர், மலியாவின் முன்னால் நின்று தொண்டையைச் செருமினார். கேலியெல்லாம் எங்கோ போயிருந்தது.

"உயிருக்குப் பயமில்லம்மா. ஆனா பெரிசா திறந்ததுல... வயித்துல இருந்த பச்சை கெட்டுப்போச்சு. எல்லாம் என் கத்தி பண்ணின வேலை. மன்னிச்சிடுங்க. அவர்கிட்டயும் நானே சொல்லிடறேன்."

மலியா முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சிரித்தேவிட்டாள்.

"பாவம், கத்திமேல ஏன் டாக்டர் பழி போடறீங்க? நீங்க மருந்துப் பஞ்சால துடைச்சதுமே போயிருக்குமே! முதுகுல மட்டும் பச்சை குத்தினதோட, வலி தாங்காம எழுந்து ஓடிவந்தவர் அவர். வயித்துல இருந்ததெல்லாம் நான் பேனாவால வரைஞ்சது. வியாழக்கிழமையே கூட்டிட்டு வந்திருப்பேன்... மை தீர்ந்துபோச்சு, கடையில சரக்கு வந்து வரைஞ்சு முடிக்க இத்தனை நாளாச்சு!"