கடைவாய்ச் சொத்தை

அக்கா, உன் தம்பி வாண்டு பேசுறேன். வயசு இருபத்தாறாச்சு, பொழைக்க வந்த ஊர்ல ஒரு பல் ஆஸ்பத்திரி வராந்தாவுல உட்கார்ந்திருக்கேன். டைப் பண்ணப் பொறுமையில்ல. அதான் போன்ல பேசியே அனுப்புறேன்.

கடைவாய்ப் பல்லுல சொத்தை. நரம்புக்குப் பக்கம் வரைக்கும் போயிடுச்சு. இன்னைக்கு அடைக்கிறது ஒழுங்கா நிக்கலைன்னா இங்க எனக்கு வேலை கிடையாது, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

பெரிய டாக்டரம்மா சிரிக்கவே மாட்டாங்க.

"ராத்திரி தூங்கினியா?"

"இல்ல மேடம்."

"சாப்பிட்டியா?"

"இறங்கல மேடம்."

"நல்லா வந்து மாட்டினேன் போ! ஊசியைப் பார்த்தே இப்படி வெளிறிப் போறியே, மிஷின் ஓடினா மயங்கி விழுந்துடுவியா?"

நர்ஸம்மா வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க.

மிஷின் சத்தம் கேட்டதும் எனக்கு வேர்த்துக் கொட்டுச்சு. கண்ணை இறுக்கி மூடிக்கலாமான்னு இருந்துச்சு. எப்படி மூடுறது? நாற்காலியில வாயைத் திறந்துக்கிட்டுப் படுத்திருந்தது டாக்டரம்மா. மிஷின் என் கையில!

"ஊரார் வாயை உன்னை நம்பி விடுறதுக்கு முன்னாடி, என் வாயை விட்டுப் பார்க்கிறேன்"னு சொல்லிட்டுத்தான் படுத்தாங்க. புதுசா எந்த டாக்டர் வந்தாலும் இதுதான் பரீட்சையாம்.

அடைச்சு முடிச்சிட்டேன். மரத்துப்போனது தெளிஞ்சதும் கடிச்சுப் பார்த்துட்டு முடிவு சொல்றேன்னு ரூமுக்குள்ள போயிட்டாங்க. கதவு இன்னும் திறக்கல.

அது வரைக்கும் அம்மாகிட்ட வாயைத் திறந்துடாத, அக்கா.