கத்தாத மான்

நகரத்தை ஒட்டிய ஒரு காட்டில் ஒரு பெண் புள்ளிமான் இருந்தது. சனி, ஞாயிறு வந்தால் ஜீப் ஜீப்பாக ஆட்கள் வருவார்கள். அதைப் பார்த்ததும், "ப்ச், மான்தானா? புலி எங்கேப்பா?" என்பார்கள். மானுக்கு வயிறு எரியும்.

"மூஞ்சியே காட்டாத சோம்பேறிக்கு இவ்வளவு மவுசு! அது இருக்கிற இடத்தைக் கத்திக் காட்டிக்கொடுக்கிறது நாம. டிரைவர் காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்கிறது நம்ம குரலை. போட்டோ மட்டும் அதுக்கா?" என்று தங்கையிடம் பொருமியது.

"நாம கத்துறது அவங்களுக்காகவா அக்கா?" என்று சொல்லிவிட்டுத் தங்கை ஓடையில் தண்ணீர் குடிக்கப் போனது.

கொஞ்ச நேரத்தில் ஓடைக்கரைப் புல் அசைந்தது. புலி! மானுக்குத் தொண்டை வரை குரல் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு ஜீப் வந்து நின்றது. டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டுக் காது கொடுத்தார்.

'நான் கத்தினாத்தானே பார்ப்பீங்க?' மான் வாயை இறுக மூடிக்கொண்டது.

"ஒரு சத்தமும் இல்ல சார். புலி இந்தப் பக்கம் இல்ல" என்றார் டிரைவர். ஜீப் போய்விட்டது.

மானுக்கு வயிறு குளிர்ந்தது. அன்றைக்கு ஜீப்பில் வந்த ஒருவர்கூட அந்தப் புலியைப் பார்க்கவில்லை.

குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த தங்கையும் பார்க்கவில்லை.