நாற்பத்தேழு புகார்கள்

"சாப்பாடு உள்ளே இறங்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள் அந்தப் பூதம். கண்ணைக்கூட இமைப்பதில்லை. எனக்கு அவள் வேண்டாம்."

படித்து முடித்த புது மேட்ரனுக்கு உடம்பெல்லாம் கொதித்தது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே புகார்ப் பெட்டியைத் திறக்கச் சொன்னாள். சாவி எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பூட்டை உடைத்துத்தான் திறந்தார்கள். உள்ளே நாற்பத்தேழு கடிதங்கள். எல்லாம் ஒரே கையெழுத்து. எல்லாம் ஒரே நர்ஸைப் பற்றி.

எழுதியவள் மூன்றாம் அறைப் பெண். பத்தொன்பது வயது. எதைச் சாப்பிட்டாலும் ஓடிப்போய் வாந்தி எடுத்துவிடுவாள்; அதற்காகத்தான் இந்த மனநல வார்டில் இருக்கிறாள். இன்றைக்கு ஒருவரைத் தலையில் வைத்துக் கொண்டாடுவாள். நாளைக்கு அதே ஆளைக் கண்டால் எரிந்து விழுவாள். அதுவும் நோய்தான் என்று கேஸ் ஷீட்டில் இருந்தது.

"அந்தப் பொண்ணு அப்படித்தான் மேடம். பெரிசா எடுத்துக்காதீங்க" என்றார் கிளார்க்.

"நோயாளின்னா அவ சொல்றதெல்லாம் பொய்யாயிடுமா? மூணு வார்டுல இதே பேச்சக் கேட்டுட்டேன். மனசு சரியில்லாதவங்க வாயிலேருந்து வந்தா அது வார்த்தையே இல்லையா?"



மேட்ரன் ஒன்று விடாமல் படித்தாள். 'பாத்ரூம் வாசலில் காவல் நிற்கிறாள்.' 'தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்க விடமாட்டாள்.' 'சிரிக்கத் தெரியாத மூஞ்சி.' ஒன்றில் மட்டும், 'இன்றைக்கு என்ன திட்டுவது என்று தெரியவில்லை. அவள் செருப்பு அசிங்கம்.'

ஒவ்வொன்றின் மூலையிலும் தேதியும் நேரமும் இருந்தன. ஒன்றரை. எட்டரை. மறுபடி ஒன்றரை. சாப்பாடு முடிகிற நேரம்.

வேளை தவறாமல் கொடுமை!

நர்ஸைக் கூப்பிட்டு அனுப்பினாள். ஐம்பதைத் தாண்டியவள். வார் அறுந்து நூலால் தைத்த செருப்பு. கடிதக் கட்டைப் பார்த்ததும் ஒரு நொடி திகைத்தாள். அவ்வளவுதான்.

"இதெல்லாம் என்ன?"

"பெட்டியத் திறந்துட்டீங்களா மேடம்?"

"ஏன், திறக்கவே மாட்டாங்கங்கற தைரியமா? நாப்பத்தேழு புகார்! சாப்பிட முடியாத குழந்தையப் போலீஸ்காரி மாதிரி மிரட்டினா சோறு இறங்குமா? என்ன சொல்றீங்க இதுக்கு?"

நர்ஸ் கலைந்து கிடந்த கடிதங்களை அடுக்கி வைத்தாள்.

"வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

"சொல்றதுக்கு ஒண்ணுமில்ல மேடம்."

"அப்ப எல்லாம் உண்மை."

"அவ எழுதினது எல்லாம் உண்மைதான்."

என்ன நெஞ்சழுத்தம்! மேட்ரன் அந்த நிமிடமே உத்தரவில் கையெழுத்துப் போட்டாள். இன்றிலிருந்து சலவைப் பிரிவில் துணி எண்ணட்டும்.

நர்ஸ் காகிதத்தை வாங்கிக்கொண்டாள். கதவுவரை போனவள் திரும்பினாள்.

"இன்னிக்கு மதியம் ஒரு வேளை மட்டும் நான் இருந்துட்டுப் போகட்டுமா மேடம்?"

"ஒரு நிமிஷம்கூட அந்தப் பக்கம் போகக் கூடாது!"

மதியம் மேட்ரனே மூன்றாம் அறைக்குப் போனாள். நல்ல செய்தியைத் தன் வாயால் சொல்ல வேண்டும் என்று ஆசை.

தட்டு காலி. அந்தப் பெண் கட்டிலின் ஓரத்தில், மடியில் நோட்டும் கையில் பேனாவுமாக, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

"பயப்படாதம்மா." மேட்ரன் நோட்டை மெல்ல எடுத்துக்கொண்டாள். "இனிமே நீ இதெல்லாம் எழுத வேண்டாம். அந்தப் பூதம் வராது. சலவைப் பிரிவுக்கு அனுப்பிட்டேன்."

"எந்தப் பூதம்... எங்க பூதத்தையா? ஏன்?"

"நீ எழுதினத எல்லாம் படிச்சேன்."

"படிச்சீங்களா?" அவள் எழுந்துவிட்டாள். "அந்தப் பெட்டிய யாரும் திறக்கறதே இல்ல, தைரியமாப் போடுன்னாங்களே!"

"யாரு?"

"அவங்கதான்! இந்த நோட்டே அவங்க வாங்கிக் குடுத்தது. சாப்பிட்டு முடிச்சதும் எனக்கு எல்லாத்தையும் வெளிய எடுத்துடணும்னு வெறி வரும் மேடம். அரை மணி நேரம் தாண்டிட்டா அடங்கிடும். அந்த அரை மணி நேரமும் 'என்னத் திட்டி எழுது, கை ஓயறவரைக்கும் எழுது'ன்னாங்க. எழுதி முடிச்சதும் ரெண்டு பேருமாப் போய்ப் பெட்டியில போட்டுட்டு வருவோம்."

"இத... அந்தம்மா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். எல்லாரும் சிரிப்பீங்க இல்ல?" வயிற்றை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவள் பாத்ரூம் கதவைப் பார்த்தாள். பிறகு சுவர்க் கடிகாரத்தை. "நீங்க வச்சிருக்கிறது நாப்பத்தேழு புகார் இல்ல மேடம். என் வயித்துல தங்கின நாப்பத்தேழு வேளைச் சாப்பாடு."



அந்தப் பெண் கையை நீட்டினாள்.

"நோட்டக் குடுங்க, சீக்கிரம். நாப்பத்தெட்டாவது உங்களப் பத்தி. இதுதான் நிஜப் புகார்."