பாட்டையாவின் ஆசை

உயிர் போகாமல் இழுத்துக்கொண்டு கிடந்தால், சொந்த வயல் மண்ணை ஆற்றுத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றுவார்கள். மண்ணாசை தீர்ந்தால் உயிர் பிரிந்துவிடும். அப்படிக் கரைத்த கிண்ணத்தோடு வடிவு பாட்டையாவின் கட்டிலருகே உட்கார்ந்தாள். அவர் அவள் கணவன் உச்சிமாகாளிக்குப் பூட்டன். சீவலப்பேரியில் அவர் வயதை யாரும் பேசுவதில்லை.

போன தடவை மாமியார் ஊற்றினாள். பாட்டையா எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். மாமியார்தான் அந்த வாரமே போய்ச் சேர்ந்தாள்.

மண் தண்ணீரை விழுங்கிவிட்டுப் பாட்டையா கண் திறந்தார்.

“மண்ணாசையெல்லாம் எப்பவோ தீந்து போச்சு, தாயி. எதுக்கு இருக்கோம்னுதான் தெரியல. ஒன் மாமியா, ஒன் மவ கல்யாணத்தைப் பாக்கணும்னு சொன்னா. அதைப் பிடிச்சிக்கிட்டுதான் இம்புட்டு நாள் கெடந்தேன். போன மாசம் கல்யாணமும் முடிஞ்சிட்டு. ஒனக்கு என்ன ஆசை?”

ஆசையைச் சொன்ன வாரமே மாமியார் போனது நினைவுக்கு வர, வடிவு கிண்ணத்தோடு எழுந்துகொண்டாள். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த உச்சிமாகாளி சிரித்தான்.

“அவளுக்கென்ன பாட்டையா, துபாய்ல இருக்க மவன் மொகத்தைப் பாக்கணும். எந்நேரமும் அதே பேச்சுதான்.”

வடிவு கிண்ணத்தைப் போட்டுவிட்டு அவன் வாயைப் பொத்த ஓடினாள். அதற்குள் அவன் சொல்லி முடித்திருந்தான்.

சாயங்காலம் மகன் போனில் கூப்பிட்டான். “யம்மா, லீவு கெடச்சிட்டு. வெள்ளிக்கிழமை வாரேன்.”

“சரி” என்றாள். போனை வைத்துவிட்டுக் கத்தரிக்காயை நறுக்கத் தொடங்கினாள்.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. பாட்டையா எழுந்து உட்கார்ந்திருந்தார்.

“பய எத்தனை மணிக்கு வாரான், தாயி?” என்று கேட்டார்.